அறுபத்து நான்கு கேள்விகள்

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்ட பெண்ணை இன்னமும் பாப்பா என்று கூப்பிடலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "டாக்டர் ஆன பிறகும் அவ பாப்பாதான்" என்றாள் அக்கா. ஆகவே பாப்பா.

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வாங்கி இரண்டு முறை படித்தேன். 'தென்மாவட்ட மாற்றுத்திறனாளிகளின் வாழ்வியல் சிக்கல்கள்: ஓர் ஆய்வு.' முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தியவனுக்கு 'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்பு புதிதல்ல. அந்த வால் இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. 'சிக்கல்கள்' என்ற இடத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. சிக்கல் அவர்களுடையது என்று ஆய்வு தொடங்கும் முன்பே தலைப்பில் எழுதிவிட்டாய். நான் ஏற வேண்டிய டவுன் பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அது என் சிக்கலா, பஸ் கட்டியவரின் சிக்கலா?

"ஒளிக்காம சொல்லுங்க மாமா" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். கொஞ்சம் கசக்கும்.

1987-இல் ஒரு ஆய்வு மாணவர் என்னைத் தேடி வந்தார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம், கல்யாணமாகி எட்டு மாதம். மாணவர் மரியாதையான பையன், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். கையில் சைக்ளோஸ்டைல் எடுத்த கேள்வித்தாள். மொத்தம் அறுபத்து நான்கு கேள்விகள். 'உங்கள் குறையை எண்ணி அழுவதுண்டா: அடிக்கடி, எப்போதாவது, இல்லை.' 'இல்லற வாழ்வுக்கு நீங்கள் தகுதியானவர் என்று கருதுகிறீர்களா?' உன் அத்தை அப்போதுதான் காபியை வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கேள்வியை விடவில்லை, பேனாவை நீட்டினார். நானும் கட்டங்களில் டிக் அடித்தேன்.

அந்த வருடங்களில் என் வகுப்புகள் எல்லாம் மாடியில். காலிப்பர் போட்ட காலோடு ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்குவேன். கீழே ஒரு அறை ஒதுக்கித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்த மனு இரண்டு வருடம் மேஜையில் கிடந்தது. ஒருநாள் மழைத் தண்ணீரில் வழுக்கி, பதினோரு படி உருண்டேன். அறுபத்து நான்கு கேள்விகளில் ஒன்றுகூட அந்த மாடிப்படியைப் பற்றியது அல்ல. "ஆய்வேடு முடிஞ்சதும் உங்களுக்கு ஒரு காப்பி தர்றேன் சார்" என்றார். இன்றுவரை வரவில்லை. எங்கேயோ ஒரு நூலகத்தில், ஏதோ ஒரு அட்டவணையில், ஏதோ ஒரு சதவீதத்துக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்க எண்கூடத் தெரியாது.

அந்த எரிச்சலை என்னவென்று சொல்வது என்று வெகுநாள் எனக்குத் தெரியவில்லை. பால் ஹன்ட் என்ற மனிதரைப் பற்றிப் படித்தபோதுதான், எனக்கு முன்பே ஒருவர் அதை வார்த்தையாக்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. உன் நூற்பட்டியலில் அவர் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் லே கோர்ட் என்று ஓர் இல்லம் இருந்தது. லெனார்ட் செஷயர் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி 1948-இல் தொடங்கியது. அவர் பெயரில் பிறகு பல நாடுகளில் இல்லங்கள் வந்தன, நம் நாட்டிலும் உண்டு. தசைச் சிதைவு நோய் உள்ள பால் ஹன்ட் இளைஞராக இருந்தபோதே லே கோர்ட்டில் வந்து சேர்ந்தார். அங்கே இருந்தவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத இழுபறி. அவர்கள் கேட்டது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. எத்தனை மணிக்குப் படுப்பது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். வெளியே போவதென்றால் ஒவ்வொரு முறையும் யாரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் பழகினால் அதில் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம். இந்த இல்லத்தை நடத்துவதில் எங்களுக்கும் பங்கு வேண்டும். வளர்ந்த மனிதர்கள் இதையெல்லாம் மனு போட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

1960-களில் அவர்களே ஒரு முடிவெடுத்தார்கள். படித்த ஆய்வாளர்கள் வந்து பார்த்து எழுதினால் நம் பக்க நியாயம் வெளியே தெரியும் என்று நம்பி, லண்டனில் உள்ள டாவிஸ்டாக் நிறுவனத்தை அணுகினார்கள். எரிக் மில்லர், ஜெரால்டின் க்வின் என்று இருவர் வந்தார்கள், இருந்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள். 1972-இல் 'எ லைஃப் அபார்ட்' என்ற புத்தகம் வந்தது. அதன் சாரம் இது: இப்படிப்பட்ட இல்லத்துக்குள் வருபவர் சமூகத்தைப் பொறுத்தவரை ஏற்கெனவே இறந்துவிட்டவர். அந்த மரணத்துக்கும் உடல் சாவதற்கும் இடையே உள்ள காலத்தை அவர் கடந்துபோக உதவுவதே இல்லத்தின் வேலை. சில இல்லங்கள் சரக்குக் கிடங்கு மாதிரியும் சில செடி வளர்க்கும் தோட்டம் மாதிரியும் நடக்கின்றன என்று வகை பிரித்தும் காட்டினார்கள். அந்த மனிதர்கள் ஏன் அங்கே வந்து அடைய வேண்டியிருந்தது, வெளியே ஏன் வாழ முடியவில்லை என்ற கேள்வியைத் தொட்டதும் விட்டுவிட்டார்கள்.

விருந்துக்குக் கூப்பிட்டவன் வீட்டிலேயே கருமாதிப் பத்திரிகை அடித்த கதை.

ஹன்ட் பதில் எழுதினார். 'ஒட்டுண்ணி மனிதர்களோடு கணக்குத் தீர்த்தல்' என்பது மாதிரி தலைப்பு. 1979-இல், நாற்பத்திரண்டு வயதில், அவர் போய்விட்டார். கட்டுரை 1981-இல்தான் அச்சாயிற்று. நாங்கள் இருபக்கமும் சாராத விஞ்ஞானிகள் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். அடைக்கப்பட்டவனுக்கும் அடைத்தவனுக்கும் நடுவே நின்று 'சமநிலை' பேசினால், சாவியை வைத்திருப்பவன் பக்கம்தான் தராசு சாயும் என்பது அவர் வாதம்.

அந்த இரண்டு ஆய்வாளர்களும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்த பையன் மாதிரி நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அதுதான் எனக்குப் பயம், பாப்பா. நீயும் நல்லவள்.

புத்தகம் வந்த அதே 1972-இல், ஏற்கெனவே இல்லத்தை விட்டு வெளியேறியிருந்த ஹன்ட் லண்டனில் குடியிருந்தார். 'கார்டியன்' பத்திரிகைக்கு ஆசிரியருக்குக் கடிதம் ஒன்று எழுதினார். எங்களை ஒதுக்கி வைப்பதை எதிர்க்க ஒரு சங்கம் வேண்டும், வருகிறீர்களா என்று. வந்தவர்களில் ஒருவர் விக் ஃபின்கல்ஸ்டீன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராக நின்று சிறைக்குப் போய், இங்கிலாந்து வந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தவர். கறுப்பர்களுக்கு எதிரான பூட்டும் தன் முன்னால் இருக்கும் படிக்கட்டும் ஒரே பட்டறையில் செய்தவை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். 1976-இல் அந்தச் சங்கம் வெளியிட்ட சிறு பிரசுரம்தான் உன் துறைக்கு விதைநெல். உடலில் உள்ள குறை ஒன்று, அந்த உடலோடு இருப்பவரைச் சமூகம் முடக்குவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள் என்றார்கள். 1983-இல் மைக் ஆலிவர் இதற்கு 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். பேராசிரியர்கள் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்து, பிறகு மக்களிடம் கொண்டுபோன துறை அல்ல இது. இல்லத்தில் அடைபட்டிருந்தவர்கள் எழுதியதைப் பல்கலைக்கழகம் பின்னால் வாங்கிக்கொண்டது. இதை நீ மறந்தால் மற்றதெல்லாம் வெறும் மேற்கோள்தான்.

ஆலிவர் செய்த ஒரு காரியத்தை நீயும் செய்து பார். அங்கே 1980-களில் அரசு எடுத்த கணக்கெடுப்பின் கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டார். உனக்கு என்ன கோளாறு என்று கேட்டதைச் சமூகத்துக்கு என்ன கோளாறு என்று மாற்றினார். உன் கேள்வித்தாளில் பன்னிரண்டாவது கேள்வி: 'வெளியில் சென்று வருவதில் உங்களுக்குள்ள உடல்ரீதியான இடர்ப்பாடுகள் யாவை?' திருப்பு. 'உங்கள் ஊரில் எந்தெந்த இடம் உங்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறது?' பத்தொன்பதாவது: 'பிறரைச் சார்ந்திருப்பது உங்களுக்கு வருத்தம் அளிக்கிறதா?' இதையும் திருப்பு. 'உதவி வேண்டுமென்றால் யாரிடம் கேட்கிறீர்கள்? அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்?' இரண்டாவது கேள்விக்கு ஒரு பெண் சொல்லும் பதிலில் ஒரு அத்தியாயமே இருக்கும். பத்தொன்பதின் பழைய வடிவத்துக்கு அவள் 'ஆம்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிதான் உண்மை பேசியவன் ஆவேன். படியைச் சரி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. ஜெனி மாரிஸ் 1991-லும் லிஸ் க்ரோ 1996-லும், இருவரும் ஊனமுள்ள பெண்கள், இதைத் தங்கள் இயக்கத்தின் உள்ளேயிருந்தே கேட்டார்கள். எங்கள் வலியைப் பற்றிப் பேச உங்கள் மாதிரியில் இடம் எங்கே என்று. எனக்கு அறுபது தாண்டிய பிறகுதான் அது புரிந்தது. இத்தனை வருடம் பாரத்தை எல்லாம் சுமந்த நல்ல கால் இப்போது கெட்ட காலாகிக்கொண்டிருக்கிறது. போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டு கழித்துத் தசைகள் மறுபடியும் தளரும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போது எந்தச் சாய்தளமும் உதவிக்கு வராது. உன் ஆய்வில் சமூகம் இருக்கட்டும். உடம்பையும் வெளியே தள்ளிவிடாதே.

போலியோ என்றதும் நினைவு வருகிறது. இந்தியாவில் கடைசியாகக் காட்டுவகைப் போலியோ கண்ட குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் நாடு போலியோ ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட வேண்டிய செய்தி. ஆனால் கணக்குப் போட்டுப் பார். நம் ஊர்களில் சங்கம் வைத்தவர்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவர்கள், பஸ் பாஸுக்காகச் சண்டை போட்டவர்கள் பலரும் என்னைப் போலக் காலிப்பர் கட்டியவர்கள். எங்களுக்குப் பின்னால் அந்த வரிசையில் ஆள் இல்லை. எங்கள் நோட்டீசுகளும் மனு நகல்களும் பரண்மேல் கரையானுக்குக் காத்திருக்கின்றன. 'சிக்கல்க'ளுக்குப் பதில் இந்தத் தலைமுறையின் வாய்மொழி வரலாற்றை எடுக்கலாமா என்று உன் நெறியாளரிடம் கேள். அவர் மாட்டேன் என்றாலும், டேப்பில் பதிந்து வை. பத்து வருடம் கழித்து வந்தால் எங்களில் முக்கால்வாசிப் பேர் போட்டோவில்தான் இருப்போம்.

சொற்களைப் பற்றி. ஆங்கிலத்தில் இம்பேர்மென்ட், டிசெபிலிட்டி என்று இரண்டு சொல் இருப்பதால் அவர்கள் வசதியாகப் பிரித்துவிட்டார்கள். தமிழில் நீ என்ன செய்யப்போகிறாய்? 'ஊனம்' உடலில் உள்ள குறையையும் குறிக்கிறது, பொதுவான பழுதையும் குறிக்கிறது. வடமொழி 'ஊன' என்றால் குறைந்தது என்று பொருள். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு எண்வகை எச்சங்களை எண்ணிக் காட்டுகிறார். பார்வையில்லாதவர், கூன், குள்ளம், செவிடு என்று நீளும் ஒரு பட்டியல். நம் சட்டம் 1995-இல் ஏழு வகை என்றது, 2016-இல் இருபத்தொன்று என்றது. ஆளை எண்ணி வகை பிரிக்கும் ஆசை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. இந்த ஒற்றுமையை உன் முதல் இயலில் எழுதினால் தமிழ்த்துறைக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நானும்.

'மாற்றுத்திறனாளி' கலைஞர் வழங்கிய சொல். அரசுத் துறையின் பெயரே அதற்கு மாறியது. 2015-இல் பிரதமர் இந்தியில் 'திவ்யாங்' என்றார், தெய்விக உறுப்பு என்று பொருள் வரும். பலர் அதை எதிர்த்தார்கள். எனக்கு மாற்றுத்திறன் என்ற சொல்லில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. கால் போனதற்கு மாற்றாக எனக்கு என்ன திறன் வந்தது? இறக்கையா முளைத்தது? 'ஊனமுற்றவர்' என்றே என்னைச் சொல்லிக்கொள்வேன். ஆனால் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாப்பது வருசம் என்னை நொண்டின்னுதான் கூப்பிட்டாங்க சார். ஆபீஸ்ல மொத தடவ மாற்றுத்திறனாளி அம்மான்னு கூப்பிட்டப்ப திரும்பிப் பாத்தேன், வேற யாரையோ சொல்றாங்கன்னு" என்றாள். என் இலக்கணம் அங்கே வாயை மூடிக்கொண்டது. நீ யாரிடம் பேசினாலும் உங்களை எப்படிக் குறிப்பிடட்டும் என்று கேள். ஒரு ஆய்வேட்டில் நான்கு சொல் வந்தால் புறத்தேர்வாளர் குறை சொல்வார்தான். சொல்லட்டும். ஏன் நான்கு என்பதை இரண்டு பக்கத்தில் எழுதிவிடு.

இப்போது நான் உண்மையில் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நீ வீடு வீடாகப் போக வேண்டாம், பாப்பா. முதல் ஆறு மாதம் சர்ட்டிபிகேட் கொடுக்கும் இடத்தில் போய் உட்கார்.

காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்த தாய், கண் தெரியாத அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிவந்த பத்து வயதுப் பையன், என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் நிற்கும் காது கேளாத இளைஞன். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவார்கள், அந்த இளைஞனுக்கும் சேர்த்துத்தான். எலும்பு டாக்டர் மதியம் வருவார், காது டாக்டர் அடுத்த வாரம். காலை மடக்கச் சொல்வார்கள், நீட்டச் சொல்வார்கள், பிறகு ஒரு எண். அந்த எண்தான் இனி அவர். நாற்பது என்றால் உள்ளே, முப்பத்தெட்டு என்றால் வெளியே. வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம், உதவித்தொகை என்று எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் அந்த நாற்பதில்தான். உன் துறைக்கும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி, 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள ஆய்வாளருக்கு ஆய்வை முடிக்க இரண்டு வருடம் கூடுதலாகத் தரலாம்.

என் முதல் சர்ட்டிபிகேட்டில் அறுபது சதவீதம். பல வருடம் கழித்துப் புது அடையாள அட்டைக்காக ஒரு முகாமுக்குப் போனேன். ஐம்பது என்று எழுதிக் கொடுத்தார்கள். "நடுவுல பத்து பெர்சன்ட் எங்க சார் போச்சு? கால் வளர்ந்துடுச்சா?" என்று கேட்டேன். டாக்டர் இளைஞர், சிரித்துவிட்டார். "டேபிள் மாறிடுச்சு சார்" என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார். கால் மாறவில்லை, டேபிள் மாறியது. அந்த டேபிளை யார் போட்டார்கள், எதை அளக்கிறார்கள், வலியை ஏன் அளப்பதில்லை, வயல்வேலை செய்பவரின் காலும் பேராசிரியரின் காலும் ஒரே எண்ணாவது எப்படி, தரகர்கள் எங்கே நுழைகிறார்கள், முப்பத்தெட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார். இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எனக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு, நாற்பது சதவீதம் இல்லாவிட்டாலும் அவர் சொல்ல இன்னொருவர் எழுதும் வசதி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதை முழுசாகப் படி. எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பார்த்த தீர்ப்பு.

உன் திட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய். நாட்டில் 2 கோடியே 68 லட்சம் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம், தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம். எண்கள் சரி. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் உலக மக்களில் 16 சதவீதம் என்கிறது. இந்தியர்களுக்கு மட்டும் உடம்பு இரும்பா? கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று "வீட்ல ஊனமுற்றவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்கிறார். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கிற வீட்டில் மனநலம் சரியில்லாத தம்பியைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? எண்ணுக்குக் கீழே அந்த வாசல்படி உரையாடலை எழுது.

களத்தில் சில காரியம். நீ கேள்வி கேட்பது மகனிடம், பதில் சொல்வது தாயாக இருக்கும். தாயைத் தடுக்காதே, ஆனால் இன்னொரு நாள் மகனைத் தனியாகப் பார். காது கேளாதவரிடம் அவர் அண்ணனை மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பேசாதே. அண்ணனைப் பற்றியே அவருக்குச் சொல்ல நிறைய இருக்கலாம். நம் பாளையங்கோட்டையில் நூறு வருடம் கண்ட காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. சைகை மொழி கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போ. பேச்சே இல்லாதவரிடம் சம்மதம் எப்படி வாங்குவது என்று உன் நெறிமுறைக் குழு கேட்காது, கையெழுத்துப் படிவம் இருந்தால் போதும் அதற்கு. நீயே உன்னைக் கேட்டுக்கொள். ஏர்வாடியை நினைத்துக்கொள். 2001 ஆகஸ்ட் 6 விடியலில், மனநலம் சரியில்லாதவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கும்வரை யாரும் அவர்களிடம் போய் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்கப்போவது சங்கிலியின் சாவியை வைத்திருந்தவர்தான்.

திறப்பு விழாவுக்குப் போகாதே, மழை பெய்த பிறகு போ. மெரினாவில் சக்கர நாற்காலி கடல்வரை போக மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். முதல்முறையாக அலையைத் தொட்டவர்களின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் கண் கலங்கினேன். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரி செய்தார்கள். பராமரிப்புக்கு யார் பொறுப்பு, எந்தத் தலைப்பில் பணம் வருகிறது என்பதைத் தேடும் ஆய்வாளர்தான் நமக்கு வேண்டும்.

தன்னம்பிக்கைக் கதை எழுதாதே. காலால் ஓவியம் வரைபவரைப் பார்த்துப் புல்லரித்தால், அன்றைக்குக் குறிப்பேட்டைத் திறக்காதே. அவருக்குத் தூரிகை வாங்கக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும் நாளில் திற. என்னைப் பார்த்தும் பல மேடைகளில், இவரே சாதித்திருக்கிறார் பாருங்கள், உங்களுக்கு என்ன கேடு என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கைதட்டல் முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கக் கைப்பிடி இருக்காது.

பணம். பேச வருபவருக்கு ஆட்டோக் கூலி, அன்றைய கூலி இழப்பு, சாப்பாடு இவை உன் உதவித்தொகையிலிருந்து போகட்டும். இதைப் பிரதிபலன் என்று எழுதாதே, செலவு என்று எழுது. முடிந்தால் ஊனமுள்ள ஒருவரை ஆய்வில் உன்னோடு சேர்த்துக்கொள். உதவியாளர் என்று அடிக்குறிப்பில் போட்டு முடிக்காமல், கேள்விகளை எழுதும்போதே பக்கத்தில் உட்கார வை. உன் துறை அலுவலகம் இரண்டாவது மாடியில், லிப்ட் இல்லை என்று சொன்னாயே. அப்படியொருவர் வந்தால் எங்கே உட்காருவீர்கள்? இதுவும் உன் ஆய்வுதான்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதப்போகிறாய். எழுது, வேலைக்கு அது வேண்டும். கூடவே இருபது பக்கத்தில் தமிழில் ஒரு சுருக்கம், படித்து ஒலியாகப் பதிந்தது ஒன்று, இரண்டையும் பேசியவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடு. அவர்கள் "நான் இப்படிச் சொல்லலையே" என்று சொன்னால் திருத்து. வைவா முடிந்த பிறகு கொடுத்தால் அது நினைவுப் பரிசு. சமர்ப்பிக்கும் முன்பு கொடு.

கடைசியாக நீ கேட்டிருந்தது. முதல் பேட்டி மாமாவோடுதான் என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் என் காலிப்பரைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்து காட்டி அம்மாவிடம் அடி வாங்கினாயே, அதனால்தான் இந்தத் துறைக்கே வந்தேன் என்றும் எழுதியிருந்தாய். அதை முன்னுரையில் போட வேண்டாம். போட்டால் நான் பேட்டி தரமாட்டேன்.

போடாவிட்டால் வா. சனிக்கிழமை வேண்டாம், காலிப்பரின் பட்டை தேய்ந்துவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன், சாயங்காலம்தான் கிடைக்கும். ஞாயிறு காலை வா. உன் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பு. உன் அத்தையையும் உட்கார வைத்துக்கொள்வோம். 1987-இல் காபியை வைத்துவிட்டு உள்ளே போனவள் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம், போன வாரம்தான் சொன்னாள். அவளிடம் ஒரு பதில் இருக்கிறதாம். என்னிடம் சொல்ல மாட்டாளாம், பாப்பா வந்து கேட்டால் சொல்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
மாமா